ஒரே அறை, இரண்டு படுக்கை: இரட்டைக் குழந்தைகளின் உறக்கம் பற்றிய வாசகர் கேள்விகள்

கேள்வி: உசிலம்பட்டிக்கு அருகில் ஒரு கிராமத்தில் என் அம்மா வீட்டில் இருக்கிறேன். 36-ஆவது வாரத்தில் அறுவை சிகிச்சை மூலம் எனக்கு இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்தனர். ஒருத்தி 2.2 கிலோ, இன்னொருத்தி 1.9 கிலோ. மருத்துவமனையில் சில நாள் வைத்திருந்து இப்போதுதான் அனுப்பியிருக்கிறார்கள். வயிற்றுக்குள் ஒன்றாகக் கிடந்த பிள்ளைகளைப் பிரித்தால் ஏங்கிப்போகும், ஒரே தொட்டிலில் போடு என்கிறார் என் அப்பத்தா. தாய்ச்சூடுதான் முக்கியம், கட்டிலில் உனக்கு இரு பக்கமும் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொள் என்கிறார் என் மாமியார். சென்னையில் இருக்கும் நாத்தனாரோ இரண்டு மரத்தொட்டில் வாங்காமல் முடியாது என்று சொல்லிவிட்டார். வீட்டில் ஒரு படுக்கையறைதான் உண்டு. அதில் ஒரு கட்டிலும் இலவம்பஞ்சு மெத்தையும் இருக்கின்றன. தாய்மாமன் சீராகத் தொட்டில் வாங்கித்தர என் தம்பி காத்திருக்கிறான். எதை வாங்கச் சொல்வது?
– வாசகி, உசிலம்பட்டி

பதில்: மூவரும் சொன்னதில் ஆளுக்கொரு பாதி சரி. குழந்தைகள் அருகருகே இருக்க வேண்டும் என்ற அப்பத்தாவின் எண்ணமும், தாயின் பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற மாமியாரின் எண்ணமும், தனித்தனி இடம் வேண்டும் என்ற நாத்தனாரின் எண்ணமும் சேர்ந்தால்தான் முழு விடை கிடைக்கும். அதாவது, இரு குழந்தைகளும் உங்கள் அறையிலேயே, உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில், ஆனால் உங்கள் படுக்கையில் அல்லாமல், தனித்தனியான இரண்டு சமதளப் படுக்கைகளில், மல்லாந்த நிலையில் உறங்க வேண்டும். பகல் தூக்கமானாலும் இரவுத் தூக்கமானாலும் இதுவே முறை.

இவ்வளவு கண்டிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நன்றாகப் பால் குடித்து உறங்கப்போன குழந்தை, எந்த நோயும் இன்றித் தூக்கத்திலேயே இறந்துபோவது உலகமெங்கும் நடக்கிறது. ஒரு வயது வரை இந்த ஆபத்து உண்டென்றாலும் பிறந்த முதல் நான்கு மாதங்களில், அதிலும் இரண்டு முதல் நான்கு மாதத்துக்குள், அது மிக அதிகம். குப்புறப் படுப்பது, பதிந்து குழியும் மெத்தை, முகத்தை மூடும் துணி, அதிக வெப்பம், புகை ஆகியவை இந்த ஆபத்தைக் கூட்டுகின்றன. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 1992-இல் குப்புறப் படுக்க வைக்க வேண்டாம் என்று அறிவித்தது. 1994-இல் மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்லும் பரப்புரை அங்கே நாடு முழுவதும் தொடங்கியது. அடுத்த பத்தாண்டுக்குள் அந்நாட்டில் இத்தகைய மரணங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கும் 2.5 கிலோவுக்குக் குறைவான எடையுடன் பிறந்தவர்களுக்கும் ஆபத்து கூடுதல் என்பதால், உங்கள் இரு குழந்தைகளுமே கூடுதல் கவனம் தேவைப்படுபவர்கள்.

முதலில் கட்டிலைப் பார்ப்போம். இலவம்பஞ்சு மெத்தை பெரியவர்களுக்குச் சுகமானது. பச்சிளங்குழந்தைக்கு அது ஒரு பள்ளம். தாயின் உடல் எடையில் மெத்தை ஒரு பக்கம் இறங்கும்போது, தலை நிற்காத குழந்தை அந்தச் சரிவில் உருண்டு தாயின் உடம்போடு முகம் பதிந்துவிடலாம். ஒற்றைக் குழந்தை என்றால் தாய் அதன் பக்கமாகத் திரும்பி, அதைச் சுற்றி வளைந்து படுக்கிறாள். இரு பக்கமும் ஒவ்வொரு குழந்தை என்றால் ஒருத்தியின் பக்கம் திரும்பும் நேரமெல்லாம் இன்னொருத்திக்கு முதுகைக் காட்டியே படுக்க வேண்டியிருக்கும். அறுவை சிகிச்சைத் தையலும், தூக்கமில்லாத அசதியும், வலி மாத்திரையின் மயக்கமும் சேர்ந்த பச்சை உடம்புக்காரிக்கு, முதுகுப் பக்கம் என்ன நடக்கிறது என்பது தெரியவே தெரியாது. ஆகவே இரட்டைக் குழந்தைகளோடு ஒரே படுக்கையில் உறங்குவதை நான் ஒருபோதும் ஏற்பதில்லை.

அடுத்து, அப்பத்தா சொன்ன ஒரே தொட்டில். சேலையில் கட்டிய தொட்டில் நடுவில் தொய்ந்துதான் தொங்கும். அதில் ஒரு குழந்தையைப் போட்டாலே உடல் வளைந்து, தாடை நெஞ்சில் பதியும். பச்சிளங்குழந்தையின் மூச்சுக்குழல் மிக மென்மையானது என்பதால் அந்த மடிப்பிலேயே காற்றுப் போகும் வழி குறுகிவிடும். இரு குழந்தைகளைப் போட்டால் இருவரும் நடுப்பள்ளத்தை நோக்கிச் சரிந்து, ஒருவர் எடை இன்னொருவர்மேல் விழ, முகத்தோடு முகம் ஒட்டிக் கிடப்பார்கள். துணி இரு புறமும் மூடிக்கொள்வதால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது கண்ணிலும் படாது. தலைப்பக்கம் 10 பாகைக்கு மேல் சாய்ந்திருக்கும் குழந்தைப் படுக்கைகளின் விற்பனையையே அமெரிக்கா 2022-இல் சட்டம் இயற்றித் தடை செய்தது; நம் தொட்டிலின் வளைவு அதைவிட எவ்வளவோ அதிகம்.

தொட்டிலே வேண்டாம் என்று சொன்னால் நம் ஊரில் யாரும் கேட்கப்போவதில்லை என்பது எனக்குத் தெரியும். பெயர் சூட்டும் நாளில் ஒவ்வொரு குழந்தையாகக் கிடத்தி, பாட்டுப் பாடி, உடனே எடுத்துக்கொள்வதில் தவறில்லை. அன்றாடம் உறங்க வைப்பதற்கு, தலை நன்றாக நிற்கும் வரை வேண்டாம். அதன் பிறகும் ஒரு தொட்டிலில் ஒரு குழந்தை என்ற கணக்கில், பகலில் மட்டும், ஒருவர் பக்கத்திலேயே அமர்ந்து முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் மட்டும் ஆட்டலாம். கண் அயர்ந்ததும் எடுத்துச் சமதளத்தில் கிடத்திவிட வேண்டும். ஆளில்லாத நேரத்தில் தொட்டில் துணியை விட்டத்திலிருந்து அவிழ்த்து வைத்துவிடுங்கள். வீட்டில் இருக்கும் பெரிய பிள்ளைகள் அதில் ஏறி முறுக்கி விளையாடும்போது கழுத்தில் சுற்றிக்கொண்ட விபத்துகள் நம் நாட்டில் நடந்திருக்கின்றன.

இருவரையும் ஒரே சமதளப் படுக்கையில் அருகருகே போடலாமா என்பது நியாயமான கேள்வி. இதில் நாட்டுக்கு நாடு கருத்து மாறுகிறது. இங்கிலாந்தில், புரளத் தொடங்காத சின்னஞ்சிறு இரட்டையரை ஒரே கட்டிலில் மல்லாக்கப் படுக்க வைக்கலாம், ஆனால் நடுவில் சுருட்டிய துண்டையோ தலையணையையோ வைக்கக்கூடாது என்கிறார்கள். அமெரிக்க மருத்துவர்கள் தொடக்கத்திலிருந்தே தனித்தனி இடம் வேண்டும் என்கிறார்கள். நான் இரண்டாவது பக்கம் நிற்கிறேன். ஒருத்தி கையை வீசும்போது இன்னொருத்தியின் மேல் இருக்கும் துணி முகத்துக்கு ஏறலாம். மதுரை வெயிலில் இரு உடம்பின் சூடும் சேர்ந்து இருவருக்குமே புழுக்கமாகலாம். யார் எப்போது புரளத் தொடங்குவாள் என்பது முன்கூட்டியே தெரியாது. பிரித்தால் ஏங்கிப்போவார்கள் என்ற கவலை வேண்டாம். ஒரு முழ இடைவெளியில் கிடப்பது பிரிவே அல்ல. விழித்திருக்கும்போது இருவரையும் ஒரே விரிப்பில் போட்டுக் கொஞ்சுங்கள்.

இனி உங்கள் தம்பியின் சீர். மரத்தொட்டில்தான் வேண்டும் என்பதில்லை. கோரைப்பாய் ஒன்றின்மேல் நான்காக மடித்த ஜமுக்காளம், அதன்மேல் நைந்துபோன சுங்குடிச் சேலையை இறுக்கமாகச் சுற்றி, ஓரங்களை அடியில் செருகிய விரிப்பு. இப்படி இரண்டு போதும். உள்ளங்கையால் நடுவில் அழுத்தி எடுங்கள். கை பதிந்த பள்ளம் அப்படியே இருந்தால் அது மிருதுவான படுக்கை, ஆகாது. கடுகுத் தலையணை, பக்கவாட்டில் வைக்கும் உருளைத் தலையணைகள், பஞ்சுப் பொம்மை எதுவும் வேண்டாம். குடைபோல் விரியும் கொசுவலை இரண்டு வாங்கித்தரச் சொல்லுங்கள். குழந்தையின் முகத்தில் படாத உயரம் அதற்கு இருக்க வேண்டும். தரையில் படுக்க வைக்கும் வீட்டில் எறும்புதான் முதல் எதிரி. கக்கிய பால் காய்ந்த துணியைப் படுக்கையருகே விட்டுவைக்காதீர்கள். எறும்பு மருந்துச் சாக்பீஸால் குழந்தையைச் சுற்றிக் கோடு போடுவதும் வேண்டாம், அது பூச்சிக்கொல்லி. கிராமத்து வீடு என்பதால் இரவில் விரிப்பை உதறிவிட்டே போடுங்கள்.

தையல் ஆறும் வரை தரையில் குனிந்து எழுவது உங்களுக்குச் சிரமம். அதனால் நீங்கள் கட்டிலிலும், குழந்தைகள் கட்டிலை ஒட்டிய தரையிலும், அவர்களுக்கு அடுத்து உங்கள் அம்மாவும் படுத்துக்கொள்வது நல்ல ஏற்பாடு. குழந்தையை எடுத்துக் கொடுப்பதும் வாங்கிக் கிடத்துவதும் அம்மாவின் வேலை. வசதி இருந்து மரத்தொட்டிலே வாங்குவதானால், கம்பிகளுக்கிடையே இடைவெளி 6 சென்டிமீட்டருக்கு மேல் இல்லாததாகவும், மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவில் இரண்டு விரலுக்கு மேல் நுழையாததாகவும் பார்த்து, இரண்டாக வாங்குங்கள்.

படுக்கையைவிட நான் அதிகம் கவலைப்படுவது உங்கள் இரவைப் பற்றித்தான். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு நாளில் 8 முதல் 12 முறை பால் கொடுக்க வேண்டும்; இருவருக்கும் சேர்த்துக் கணக்கிட்டால் தாய்க்குத் தொடர்ந்து இரண்டு மணி நேரத் தூக்கம்கூடக் கிடைக்காது. படுக்கை எவ்வளவு பாதுகாப்பாக இருந்தாலும், விடியற்காலையில் மார்பில் குழந்தையோடு தாய் தன்னை அறியாமல் உறங்கிப்போனால் அந்த ஏற்பாடெல்லாம் வீண். ஒருத்தி விழித்துப் பால் குடித்தால் மற்றவளையும் எழுப்பிக் கொடுத்துவிடுங்கள். இருவரின் நேரமும் ஒன்றானால் உங்களுக்கு இடைவெளி கிடைக்கும். முன்னிரவில் ஒருவர், பின்னிரவில் ஒருவர் என்று வீட்டில் முறை வையுங்கள். பால் கொடுக்கும் நேரம் முழுவதும் அவர் விழித்திருந்து, உங்கள் தலை சாய்ந்தால் குழந்தையை வாங்கிக்கொள்ள வேண்டும். சோபாவிலோ சாய்வு நாற்காலியிலோ உட்கார்ந்து இரவில் பால் கொடுக்காதீர்கள். குழந்தையோடு உறங்கிப்போவதற்கு அவற்றைவிட மோசமான இடம் கிடையாது. கண் சொருகும் என்று தோன்றினால், தலையணைகளை அகற்றிய, அழுத்தமான விரிப்புள்ள படுக்கையில் இருந்து கொடுப்பது ஓரளவு பரவாயில்லை. முறை வைக்கும் ஆட்களில் குடிப்பவரையும் தூக்க மாத்திரை எடுப்பவரையும் சேர்க்க வேண்டாம். வீட்டில் யாரும் பீடி, சிகரெட் பிடிக்கவும் கூடாது. வாசலில் நின்று பிடித்துவிட்டு வந்தாலும் அது துணியோடு உள்ளே வரும்.

தாய்ச்சூடு பற்றி மாமியார் சொன்னதை நான் ஒதுக்கவில்லை. 1978-இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் பற்றாக்குறையால் தொடங்கிய கங்காரு முறை இதைத்தான் செய்கிறது. எடை குறைந்த குழந்தைக்கு நாள் ஒன்றுக்கு 8 மணி நேரத்துக்குக் குறையாமல், எவ்வளவு கூடுதலாக முடியுமோ அவ்வளவு, தோலோடு தோல் சேர்த்து நெஞ்சில் வைத்துக்கொள்ள உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. நீங்கள் ஒருத்தியையும் உங்கள் கணவர் ஒருத்தியையும் ஏந்திக்கொள்ளலாம். முதுகு சாய்ந்த நிலையில், துணியால் கட்டி, மூக்கும் வாயும் தெரியும்படி, விழித்திருந்து செய்ய வேண்டும். உறக்கம் வந்தால் குழந்தை தன் படுக்கைக்குப் போக வேண்டும்.

கேள்வி: என் மகளுக்கு இரட்டைக் குழந்தைகள். மல்லாக்கப் படுக்க வைத்தால் கக்கிய பால் மூச்சுக்குழலுக்குள் போய்ப் புரையேறிவிடும் என்று பயமாக இருக்கிறது. நாங்களெல்லாம் பிள்ளைகளை ஒருக்களித்துத்தான் போட்டு வளர்த்தோம்.
– ஓர் அம்மாச்சி, மேலூர்

பதில்: உங்கள் பயம் இயல்பானது, ஆனால் உடலின் அமைப்பு அதற்கு எதிராக இருக்கிறது. மல்லாந்து கிடக்கும்போது மூச்சுக்குழல் மேலேயும் உணவுக்குழல் கீழேயும் இருக்கின்றன. கக்கிய பால் கீழே இருக்கும் உணவுக்குழலிலேயே தேங்குமே தவிர, மேலே இருக்கும் மூச்சுக்குழலுக்கு ஏறிப்போவது எளிதல்ல. குழந்தை அதை விழுங்கிவிடும், அல்லது தலையைத் திருப்பி வெளியேற்றிவிடும். குப்புறக் கிடக்கும்போதுதான் மூச்சுக்குழல் கீழே போய், பால் அதன் வாயில் வந்து நிற்கிறது. ஒருக்களித்துப் போடப்பட்ட குழந்தை அப்படியே நிலையாக இருப்பதில்லை; ஒரு சிறு அசைவில் குப்புற விழுந்துவிடும். பால் கொடுத்ததும் தோளில் சாய்த்து ஏப்பம் விடச் செய்து, சற்று நேரம் நிமிர்த்தி வைத்திருந்து, பிறகு மல்லாக்கப் போடுங்கள். இரண்டு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஒன்றைத் தோளில் போட்டுத் தட்ட உங்களைப் போன்ற ஓர் ஆள் தேவை. அம்மாச்சியின் பங்கு இங்கேதான் பெரிது. பச்சை நிறத்தில் வாந்தியோ, பால் குடித்தவுடன் பீய்ச்சி அடிக்கும் வாந்தியோ இருந்தால் அது வேறு. உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: மதுரை அண்ணா நகரில் மாடி வீடு. சித்திரை வெயிலில் அறை அடுப்பாகக் கொதிக்கிறது. இரட்டையருக்கு ஏசி போடலாமா? குல்லாவும் காலுறையும் போட்டு, துணியில் சுற்றி வைத்திருக்கிறோம். குளித்ததும் சாம்பிராணிப் புகை காட்டுவதை நிறுத்த வேண்டுமா?
– வாசகர், மதுரை

பதில்: ஏசி போடலாம், 26 முதல் 28 பாகையில் வைத்து, காற்று குழந்தைகள்மேல் நேராக வீசாதபடி பார்த்துக்கொண்டால் போதும். மின்விசிறியும் தவறில்லை. பாகையைவிட உங்கள் புறங்கையை நம்புங்கள். குழந்தையின் வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பார்க்க வேண்டும். இரண்டும் இதமான சூட்டில் இருந்தால் குழந்தை நலம். வயிறு சூடாகவும் பாதம் சில்லென்றும் இருந்தால் குளிர் பிடிக்கத் தொடங்குகிறது. தாயின் நெஞ்சோடு சேர்த்து அணையுங்கள். இரண்டும் சில்லிட்டிருந்தால் அணைத்துக்கொண்டே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். கழுத்தில் வியர்வையும் நெஞ்சில் அதிகச் சூடும் இருந்தால் துணியைக் குறைக்க வேண்டும். இரட்டையர் இருவரும் ஒரே எடையில் இருப்பதில்லை என்பதால், ஒருவருக்குச் சரியாக இருப்பது மற்றவருக்கும் சரி என்று எண்ணாமல் ஒவ்வொருவரையும் தனியே தொட்டுப் பாருங்கள்.

குல்லா மருத்துவமனையில், குறை எடைக்குத் தேவைப்பட்டது. வீட்டில், அதுவும் சித்திரையில், தூங்கும்போது தலை திறந்திருக்க வேண்டும். குழந்தை தன் உடற்சூட்டைத் தலைவழியே கணிசமாக வெளியேற்றுகிறது, குல்லா சரிந்து மூக்கையும் மூடலாம். மிகவும் சிறியவராக இருந்தால் உங்கள் மருத்துவர் வேறுவிதமாகச் சொல்லலாம், அதைக் கேளுங்கள். துணியில் சுற்றுவதானால் மெல்லிய பருத்தித் துணி போதும், இடுப்பும் கால்களும் மடங்கி விரிய இடம் விட்டு, மல்லாந்த நிலையில் மட்டும். புரள முயலும் அறிகுறி தெரிந்த அன்றே சுற்றுவதை நிறுத்திவிட வேண்டும், ஏனெனில் கை கட்டப்பட்ட குழந்தை குப்புற விழுந்தால் தானாகத் திரும்ப முடியாது.

சாம்பிராணியை நிறுத்துங்கள். மணம் எவ்வளவு இனியதானாலும் புகை புகைதான். குறைமாதத்தில் பிறந்தவர்களின் நுரையீரலுக்கு அது வேண்டாத சுமை. தலை ஈரம் போக ஒரு பருத்தித் துண்டு போதும். கொசுவர்த்திச் சுருளுக்கும் இதே பதில்தான், வலை இருக்கிறதே.

கேள்வி: இரட்டையரில் சிறியவன் தூங்கும்போது மூச்சு சில நொடிகள் நின்று பிறகு வேகமாக வருகிறது. காலில் மாட்டும் கருவி ஒன்று, மூச்சு நின்றால் கைபேசியில் ஒலி எழுப்புமாம். வாங்கலாமா?
– வாசகி, திருமங்கலம்

பதில்: குறைமாதக் குழந்தைகள் ஐந்து, பத்து நொடி மூச்சை நிறுத்தி, பின் வேகவேகமாக விட்டு, மறுபடியும் சீராவது உண்டு, நிறம் மாறாமல், குழந்தை இயல்பாக இருந்தால் அது நோயல்ல. 20 நொடி அளவுக்கு நின்றாலோ, அதற்குக் குறைவாகவே நின்றும் உதடும் நாக்கும் நீலமானாலோ, உடல் துவண்டாலோ, நெஞ்சு உள்வாங்கினாலோ, அமைதியாக இருக்கும்போதே நிமிடத்துக்கு 60 முறைக்கு மேல் மூச்சு வாங்கினாலோ, பால் குடிப்பதை விட்டாலோ காத்திருக்க வேண்டாம், 108-ஐ அழையுங்கள். நிமிடம் முழுவதும் எண்ண வேண்டும்; பத்து நொடி எண்ணி ஆறால் பெருக்கினால் கணக்குத் தவறும். நீங்கள் பார்த்ததை அடுத்த பரிசோதனையில் மருத்துவரிடம் சொல்லுங்கள். முடிந்தால் கைபேசியில் படம் பிடித்துக் காட்டுங்கள்.

கருவியைப் பற்றிச் சொல்வதானால், கடையில் விற்கும் இத்தகைய பொருள்கள் திடீர் மரணத்தைத் தடுப்பதாக நிறுவப்படவில்லை. பொய் எச்சரிக்கையில் வீடே எழுந்து உட்காரும். அதைவிட, கருவி பார்த்துக்கொள்ளும் என்ற துணிச்சலில் குழந்தையைக் குப்புறப் போடும் வீடுகளும் உண்டு. அந்தப் பணத்தில் பகலில் இரண்டு மணி நேரம் வந்து உதவ ஓர் ஆளை அமர்த்தினால், நீங்கள் உறங்கலாம்.

கேள்வி: மல்லாக்கவே போட்டால் பின்னந்தலை தட்டையாகிறது. எவ்வளவு மாதம் இப்படிச் செய்ய வேண்டும்? இருவர் கையிலும் வசம்பு வளையலும் கழுத்தில் கறுப்புக் கயிறும் இருக்கின்றன. அவற்றைக் கழற்ற வேண்டுமா?
– வாசகி, சோழவந்தான்

பதில்: தலை தட்டையாவதற்கு மருந்து தலையணை அல்ல, விழித்திருக்கும் நேரம்தான். பகலில் குழந்தை விழித்திருக்கும்போது, நீங்கள் எதிரில் அமர்ந்து, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை சில நிமிடம் குப்புறப் போட்டுப் பழக்குங்கள். போகப் போக நேரத்தைக் கூட்டலாம். உறங்கும்போது குழந்தை வெளிச்சத்தையும் தாயின் குரலையும் நோக்கித் தலையைத் திருப்புவதால், ஒரு நாள் தலைமாடு கிழக்கிலும் மறுநாள் மேற்கிலும் இருக்கும்படி மாற்றி மாற்றிக் கிடத்துங்கள்.

மல்லாக்கக் கிடத்துவதை முதல் பிறந்தநாள் வரை தொடர வேண்டும். இரு பக்கமும் தானாகப் புரளத் தெரிந்த குழந்தை தூக்கத்தில் புரண்டு குப்புறப் படுத்தால், எழுந்து எழுந்து திருப்ப வேண்டியதில்லை. உங்கள் அறையில் உறங்க வைப்பது குறைந்தது ஆறு மாதம். புரளும் வயதை, பிறந்த தேதியைக் கொண்டு கணக்கிடாமல், பிரசவத்துக்கு மருத்துவர் குறித்துக் கொடுத்த தேதியைக் கொண்டு கணக்கிடுங்கள். இரட்டையரில் ஒருவர் முந்திக்கொள்வது வழக்கம். முந்தியவரைப் பார்த்து இருவரின் ஏற்பாட்டையும் மாற்றிவிடுங்கள்.

கழுத்துக் கயிற்றை இன்றே கழற்றுங்கள். உறக்கத்தில் எதிலாவது மாட்டி இறுகலாம். வசம்பு வளையலை விழித்திருக்கும்போது கையில் போட்டுப் பார்த்து மகிழலாம், ஆனால் தூங்கப் போகும்முன் கழற்றிவிட வேண்டும். நூல் நைந்து உதிரும் வசம்புத் துண்டு நேராக வாய்க்குத்தான் போகும். திருஷ்டிக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்றால், கழற்றிய கயிற்றை அறைக் கதவின் நிலையில் கட்டிவிடுங்கள்.